தேர்த் திருவிழா முடிந்த பிறகு: பங்கு இளையோர் பணி குறித்த கேள்வி–பதில்

சென்ற இதழில், பங்குகளில், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ மக்கள் சமூகங்களில், இயங்கும் இளையோர் இயக்கங்களின் பணிகள் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஆறுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து, ஊர்ப் பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பங்கின் இளையோர் இயக்கத்தில் 32 பேர் இருக்கிறோம். கொடியேற்றத்துக்குத் தோரணம் கட்டுவது, தேர் அலங்கரிப்பது, கிறிஸ்துமஸுக்குக் குடில் அமைப்பது, பாடல் பாடி வீடு வீடாகக் கீத பவனி செல்வது ஆகியவற்றைச் சிறப்பாகச் செய்கிறோம். மற்ற மாதங்களில் கூடுவதே இல்லை. ஆண்டு முழுவதும் தொடரக்கூடிய சமூகப் பணியாக எதைத் தொடங்கலாம்?
— இளையோர் செயலாளர் ஒருவர், தூத்துக்குடி மாவட்டக் கடற்கரைப் பங்கு

பதில்: தோரணம் கட்டுவதையும் குடில் அமைப்பதையும் சிறிய வேலைகளாக எண்ணிவிடாதீர்கள். நள்ளிரவு வரை மூங்கிலும் வைக்கோலும் சுமந்து, ஒருவர் ஏணியைப் பிடிக்க மற்றவர் மேலே ஏறிக் கட்டும்போது உண்டாகிற நம்பிக்கை, எந்தப் பயிற்சி முகாமிலும் எளிதில் கிடைப்பதில்லை. அப்படிச் சேர்ந்த 32 பேரும் திருவிழா முடிந்த மறுநாளே கலைந்துவிடுவதுதான் இழப்பு. அவர்களை மீண்டும் கூட்டுவதற்குப் பெரிய நிகழ்ச்சி எதையும் திட்டமிட வேண்டாம். உங்கள் பங்கு எல்லைக்குள் ஐந்து வீடுகளைத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் வீடுகள் என்று கேட்பீர்கள். 1833ஆம் ஆண்டு பாரிஸில், பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது சட்ட மாணவர், தம் நண்பர்களோடு ஒரு விவாதக் குழுவில் கிறிஸ்தவத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். பழங்காலத்தில் உங்கள் திருச்சபை நன்மைகள் செய்தது உண்மைதான், இன்று இந்த நகரத்து ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிரணியினர் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்று ஒரு சிலரோடு அவர் தொடங்கிய சிறு குழுதான், இன்று நம் பங்குகளிலும் இயங்குகிற வின்சென்ட் தே பவுல் சபை. அவர்களிடம் பணம் இல்லை. எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. ஏழைகளின் தெருக்களை நன்கறிந்த அருட்சகோதரி ரோசலி ரெந்துவிடம் சென்று வழி கேட்டார்கள். அவர் காட்டிய வீடுகளுக்கு நேரில் போய், அமர்ந்து, பேசி, மறுபடியும் போனார்கள். பொருளை வழங்கும் நாளைவிட மறுபடியும் போகிற நாளே அந்தச் சபையின் உயிராக இருந்து வந்திருக்கிறது.

உங்கள் பங்கிலும் அந்த அருட்சகோதரியைப் போல் தெருக்களை அறிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அன்பியம் எனப்படும் பக்கத்து வீட்டுக் குடும்பங்களின் குழுவுக்குப் பொறுப்பாளரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கிராமச் செவிலியரையும் கேளுங்கள். தனியாக இருக்கும் முதியவர், படுக்கையிலிருக்கும் நோயாளி, கடலுக்குச் சென்ற கணவரை இழந்து பிள்ளைகளோடு வாழும் பெண் என ஐந்து பெயர்கள் ஐந்தே நிமிடங்களில் கிடைத்துவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்துபோன பிறகு, தென்கடலோர ஊர்களில் அத்தகைய வீடுகளின் எண்ணிக்கை கூடிவிட்டதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

முதல் மாதம் எதையும் கொண்டு போகாமல் இருவர் இருவராகச் சென்று கேட்டு வாருங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன், நான் வழிகாட்டியாக இருந்த இளையோர் குழு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வீடு வீடாகப் பத்துக் கிலோ அரிசி கொடுத்தது. ஒரு மூதாட்டி வாங்கி வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, சிலிண்டரை மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். ரெகுலேட்டரைத் திருப்ப அவருடைய விரல்களுக்கு வலுவில்லை. நான்கு நாள்களாகக் கடை ரொட்டியைத் தேநீரில் தொட்டுத்தான் உண்டிருந்தார். அந்த வீட்டில் ஏற்கெனவே அரிசி இருந்தது. நாங்கள் ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தால் அவர் பசித்திருக்கமாட்டார் என்ற வருத்தம் இன்றுவரை எனக்கு உண்டு.

கேட்கத் தொடங்கினால் இப்படிப்பட்டவைதான் வெளிவரும். வலை இழுத்தும் உப்பளத்தில் உழைத்தும் தேய்ந்துபோன விரல்களின் ரேகை ரேஷன் கடைக் கருவியில் பதியாமல் ஒருவர் மூன்று முறை திரும்பி வந்திருப்பார். அவருக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க எழுத்துமூலம் அனுமதி பெறும் வழி இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோய், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு விட்டுப்போனதுதான் காரணம் என்பது தெரியாமல் இன்னொருவர் காத்திருப்பார். கைப்பேசியைக் கையாளத் தெரிந்த 20 வயது இளைஞருக்கு இவை ஒரு மணி நேர வேலைகள்.

இந்த வழிமுறையைப் பெல்ஜிய நாட்டு அருள்பணியாளர் ஜோசப் கார்டைன், 1925இல் வடிவம் பெற்ற இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தின் வழியே உலகுக்குப் பரப்பினார். உள்ளதை உள்ளபடி பார், நற்செய்தியின் ஒளியில் தீர்ப்பிடு, பிறகு செயல்படு என்ற அந்த மூன்று படிகளையும் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1961இல் தம் சுற்றுமடலில் இளையோருக்குப் பரிந்துரைத்தார். நம் கூட்டங்கள் பெரும்பாலும் மூன்றாம் படியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன.

இருவருக்கு ஒரு வீடு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஓராண்டுக்கு அதே இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் அந்த முதியவர் தம் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு இணையும் மூன்று நிமிடம் பேசட்டும். ஐந்து வீடுகள் நிலைத்த பிறகு ஆறாவதைப் பற்றி யோசிக்கலாம். இயேசுவின் உவமையில் வரும் நல்ல சமாரியர், வழியில் காயப்பட்டுக் கிடந்தவரைச் சாவடியில் சேர்த்து இரண்டு தெனாரியம் காசு கொடுத்ததோடு நிற்காமல், திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகவும் சொன்னார் என்பதை உங்கள் முதல் கூட்டத்தில் சேர்ந்து வாசியுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆலய மண்டபத்தில் மாலை வகுப்பு தொடங்கினோம். கற்பிப்பவர்கள் எல்லாரும் கல்லூரி மாணவர்கள். பருவத் தேர்வு வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இரண்டே மாதத்தில் வகுப்பு மூடப்பட்டது. எங்கே தவறினோம்?
— கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் உழைப்பில் குறை காணவில்லை, தேர்ந்தெடுத்த வகுப்புதான் உங்களுக்குப் பொருந்தவில்லை. பொதுத்தேர்வு நெருங்கும் காலத்தில்தான் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் துணை மிகவும் தேவை. அதே காலத்தில் கல்லூரி மாணவரும் தம் பாடத்தில் மூழ்கியிருப்பார். ஆகவே நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்பிப்பதற்கு மாறுங்கள். பெருக்கல் வாய்பாடு தடுமாறுகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கல்லூரி மாணவி தரக்கூடிய உதவி மிகப் பெரியது. அதற்கு அவர் பெரிதாக முன்தயாரிப்பும் செய்ய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசு 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள், மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் என்ற அளவை வகுத்தது. நீங்கள் அதைவிடக் குறைவாக, ஒருவருக்கு எட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாலைக்கும் இருவர் பெயரை எழுதுங்கள். ஒருவர் வராவிட்டாலும் வகுப்பு நடக்கும். தேர்வு வாரங்களில் பங்கிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர் பொறுப்பேற்க முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். யாரும் ஆண்டு முழுவதற்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றிவிட்டு, மீண்டும் மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆலய மண்டபத்துக்குப் பிள்ளைகளை அனுப்பப் பிற சமயத்துப் பெற்றோர் சிலர் தயங்கக்கூடும். தெருவிலேயே ஒரு திண்ணையோ சமுதாயக் கூடமோ கிடைத்தால், அதுவே எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான இடமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் இளையோர் புனித வெள்ளியன்று இரத்ததான முகாம் நடத்த விரும்புகிறார்கள். இயேசு இரத்தம் சிந்திய நாளில் நாங்களும் இரத்தம் கொடுக்கிறோம் என்கிறார்கள். இது சரியா?
— பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர், திருச்சி

பதில்: அவர்களுடைய எண்ணம் உயர்ந்தது, நாள் பொருந்தாது. புனித வெள்ளி நோன்பு நாள். வெறும் வயிற்றோடும், வெயிலில் சிலுவைப் பாதை நடந்த களைப்போடும் இரத்தம் கொடுத்தால் மயக்கம் வரும். நன்றாக உண்டு, போதிய நீர் அருந்தி, இரவு தூங்கி எழுந்தவர்தான் கொடுக்க வேண்டும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு, காலைச் சிற்றுண்டியும் கொடுத்து நடத்துங்கள். கோடை விடுமுறையில் கல்லூரி முகாம்கள் நின்றுபோவதால், அந்தக் காலத்தில் கிடைக்கும் இரத்தம் மிகவும் பயன்படும்.

உரிமம் பெற்ற இரத்த மையத்தின் மருத்துவக் குழுதான் முகாமை நடத்த வேண்டும். அரசு மருத்துவமனையின் இரத்த மையத்தை முதலில் அணுகுங்கள். கொடுப்பவர் 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோவும் ஹீமோகுளோபின் 100 மில்லி இரத்தத்துக்கு 12.5 கிராமும் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். வேளாங்கண்ணிக்குச் சென்றபோது கையில் சிலுவை பச்சை குத்திக்கொண்டவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டும். இதை முன்பே அறிவித்துவிட்டால், வரிசையில் நின்று திருப்பி அனுப்பப்படும் வருத்தம் அவர்களுக்கு இராது.

ஒரே நாளில் நூறு பேரைத் திரட்டுவதைவிட, இரத்த வகைப்படி ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு மாதந்தோறும் சிலரை அனுப்பி வைப்பது மேலானது என்பது என் கருத்து. சிவப்பணுக்களை ஐந்து அல்லது ஆறு வாரம்தான் சேமிக்க முடியும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஐந்து நாள்களே தாங்கும். டெங்குக் காலத்தில் நள்ளிரவில் ஒரு தொலைபேசி அழைப்பு வரும்போது அந்தப் பட்டியலின் அருமை தெரியும்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. இளையோர் கூட்டத்துக்கு ஆர்வத்தோடு செல்கிறாள். ஆனால் பெண் பிள்ளைகளுக்குக் கோலம் போடுவதும் தேநீர் கொடுப்பதும் தவிர வேறு பொறுப்பு தரப்படுவதில்லை. நிகழ்ச்சிகள் முடிய இரவு பத்து மணியாகிறது. நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— ஒரு தாய், மதுரை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகளை நிறுத்த வேண்டாம், கூட்டத்தின் நடைமுறையை மாற்றச் சொல்லுங்கள். உங்களைப் போன்ற இரண்டு மூன்று தாய்மார்கள் சேர்ந்து பங்குத்தந்தையைச் சந்தித்து, செயலாளர், பொருளாளர் பொறுப்புகளுள் ஒன்றேனும் பெண்ணுக்கு வர வேண்டும் என்று கேட்பது முற்றிலும் முறையானது. வீடு சந்திக்கும் பணியில் பெண்கள் இல்லாவிட்டால், தனித்து வாழும் பெண்களின் துயரங்கள் குழுவின் காதுக்கு எட்டவே எட்டாது. தேநீர் கொடுப்பதை எல்லாரும் முறை வைத்துச் செய்யட்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை உங்கள் கவலை நியாயமானது. அதை யாரும் பழைய மனப்பான்மை என்று ஒதுக்கக்கூடாது. 18 வயது நிறையாதவர்கள் அனைவரும், ஆணாயினும் பெண்ணாயினும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தைகளே. ஆகவே அவர்கள் பங்கேற்கும் எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள், அவர்களுள் ஒருவர் பெண், இறுதிவரை உடனிருக்க வேண்டும். வெளியூர் பயணத்துக்குப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு மட்டும் தனியறையில் பேசக்கூடாது. தனிப்பட்ட முறையில் இரவில் செய்தி அனுப்பவும் கூடாது. கூட்டம் இரவு எட்டு மணிக்கு முடிய வேண்டும். கீத பவனி போன்ற நாள்களில் பிள்ளைகளை வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் பொறுப்பாளர் திரும்ப வேண்டும். பங்கில் இந்த விதிகள் ஏற்கெனவே எழுத்தில் இருந்தால் கேட்டு வாங்கிப் படியுங்கள். இல்லையென்றால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வாலிபர் சங்கம் கைப்பந்துக் குழுவாகவே ஆகிவிட்டது என்று சபை மூத்தவர்கள் கடிந்துகொள்கிறார்கள். அசனத்தில், அதாவது ஆலயப் பொது விருந்தில், பந்தி பரிமாற மட்டும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். விளையாட்டை விட்டுவிட வேண்டுமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: விட வேண்டாம். கைப்பந்து பிறந்ததே ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில்தான். துணிக்கடை ஊழியராக இருந்த 22 வயது ஜார்ஜ் வில்லியம்ஸ், 1844இல் லண்டனில் நண்பர்களோடு வேதவாசிப்பும் ஜெபமுமாகத் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ., அமெரிக்காவுக்குச் சென்றபின் உடற்பயிற்சியையும் தன் பணியாக ஏற்றுக்கொண்டது. ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அதன் பயிற்சிப் பள்ளியில் 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அது சற்று முரட்டுத்தனமாக இருக்கிறது என்று எண்ணி, நடுவயதினரும் ஆடும்படி ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் 1895இல் அமைத்ததே கைப்பந்து. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் நிறுவிய உடற்கல்விக் கல்லூரியும் இதே மரபைச் சேர்ந்தது. உங்கள் மூத்தவர்களிடம் இந்த வரலாற்றைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

அதே வேளை, அவர்களுடைய மனக்குறையிலும் ஓர் உண்மை இருக்கிறது. நன்றாக ஆடுகிற பன்னிருவரைச் சுற்றியே சங்கம் இயங்கினால், ஆடத் தெரியாதவர்கள் மெல்ல விலகிப்போவார்கள். வாரத்தில் ஒரு மாலை பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, மைதானத்தை விட்டுக்கொடுத்து நீங்களே ஆடக் கற்றுக்கொடுங்கள். போட்டி நடத்தினால் பரிசுக் கோப்பைக்குச் செலவிடுவதைக் குறைத்து, கிடைக்கும் நுழைவுக் கட்டணத்தில் அரசுப் பள்ளி ஒன்றுக்குப் பந்தும் வலையும் வாங்கிக் கொடுங்கள். அசனத்தில் பரிமாறுவதையும் மகிழ்ச்சியோடு செய்யுங்கள். ஊர் முழுவதும் ஒரே பந்தியில் அமரும் அந்த நாளில் யார் வரவில்லை, யார் நடக்க முடியாமல் வீட்டிலேயே இருக்கிறார் என்பதை முதலில் காணும் கண்கள் உங்களுடையவை.

கேள்வி: நான் கிறிஸ்தவன் அல்லன். மழை வெள்ளத்தின்போது எங்கள் தெருவுக்கு ஆலய இளைஞர்கள் போர்வையும் பாலும் கொண்டுவந்தார்கள். மனமார நன்றி சொன்னோம். ஆனால் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். என் அம்மா கையேந்தி நிற்கும் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் உறவினர்களுக்கே வந்துவிட்டது. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை நான் பல முறை வாசித்தேன். அந்த இளைஞர்கள் சார்பில் உங்கள் தாயாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் தயங்காமல் பங்குத்தந்தையிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். படத்தை நீக்கவும், நேரில் வந்து வருத்தம் தெரிவிக்கவும் அந்த இளைஞர்கள் கடமைப்பட்டவர்கள்.

இதை வாசிக்கிற இளையோருக்கு: வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் சொன்னதை நாம் அனைவரும் மனப்பாடமாக அறிவோம். இத்தாலியின் தூரின் நகரில் பெரும் செல்வர் வீட்டுப் பிள்ளையான பியர் ஜியார்ஜியோ பிரசாத்தி, 1918இல் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வந்தார். 1925 ஜூலை 4 அன்று, 24 வயதில், இளம்பிள்ளைவாதத்தால் இறந்தார். செயலிழந்துகொண்டிருந்த கையால் அவர் கடைசியாக எழுதிய குறிப்பு, ஓர் ஏழை நோயாளிக்குச் சேர வேண்டிய மருந்தைப் பற்றியது. அடக்கத்துக்கு நகரத்து ஏழைகள் திரண்டு வந்தபோதுதான் தம் மகன் செய்துவந்த பணியின் அளவைப் பெற்றோர் அறிந்தார்கள். 2025 செப்டம்பர் 7 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் படம் தேவை என்று சொல்வீர்கள். பொட்டலம் கட்டும் உங்கள் கைகளைப் படமெடுங்கள். அடுக்கிய மூட்டைகளையும் ரசீதுகளையும் படமெடுங்கள். பெறுகிறவரின் முகம் வேண்டாம். வரிசையும் வேண்டாம்; வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். உதவியோடு துண்டுப் பிரசுரம் கொடுப்பதும், பெறுகிறவரைச் செபத்துக்கு நிற்கச் சொல்வதும் கூடாது. பசித்திருக்கிறவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் கேட்கப்படுவது அழைப்பாகாது. 2018இல் கேரளத்துப் பெருவெள்ளத்தின்போது, கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தார்கள். கூரைமேல் நின்றவர்களிடம் அவர்கள் சமயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

தம்பி, உங்கள் தாயார் ஒப்புக்கொண்டால், அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்த இளைஞர்களோடு நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவில் எந்த வீட்டில் முதலில் தண்ணீர் புகும், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வீட்டுப் பட்டியல் எழுதும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால், அடுத்த முறை பொருள்கள் சரியான வாசலுக்குச் சேரும். கைப்பேசியும் சட்டைப் பையிலேயே இருக்கும்.